பின்பம்பருக்குள் ஒரு கோழிக்கால்

மச்சான்,

இன்று காலை ராபர்ட்சன்பேட்டை மெக்கானிக் ஷெட்டில் கேஸ் கட்டரின் தீ பட்டதும், நீ அடித்த கறுப்புப் பெயிண்ட் கருகி ஒரு வாசனை எழுந்தது. கொஞ்சம் தார் மாதிரி, கொஞ்சம் உன் சட்டை மாதிரி. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். புகை என்று மெக்கானிக் நினைத்திருப்பான். நினைக்கட்டும்.

நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. போனவனுக்கு லெட்டர் எழுதுகிறவனை ஊர் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். ஆனால் லெட்டர் எழுதுவதில் என்னை மிஞ்சியவன் நம் ஸ்கூலில் கிடையாது. நான் எழுதிய லீவு லெட்டரைப் படித்துவிட்டு ஹெட்மாஸ்டர் கேட்டதற்கு மேல் இரண்டு நாள் சேர்த்துக் கொடுத்தார். நீ இருந்தால், 'எட்டாவது பெயிலுடா நீ' என்பாய். பெயில் இல்லை, நானாக நிறுத்திக்கொண்டது.

விஷயம் அந்த பீம்தான். காரின் பின்பக்க பம்பருக்கு உள்ளே, கண்ணுக்குத் தெரியாமல் குறுக்கே கிடக்குமே, பின்னால் எவனாவது மோதினால் அடியை வாங்கிக்கொள்ளும் இரும்புச் சட்டம், அது. நாலு வருஷத்துக்கு முன்னால் நீ வெட்டி ஒட்டிக் கொடுத்தது. நல்ல இரும்பை விற்றுவிட்டு ஏதோ ஒரு தகரத்தை உள்ளே வைத்துவிட்டாய் என்று இந்த நாலு வருஷமும் நம்பியிருந்தேன். நம்பியதோடு நிற்கவில்லை, ஊருக்கும் சொன்னேன்.

சந்தேகம் எனக்கு ரத்தத்தில் வந்தது. என் அப்பாவுக்குக் கோலார் தங்க மைன்ஸில், சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட்டின் கேட்டில் சோதனை வேலை. ஷிப்ட் முடிந்து கேஜ் என்கிற கம்பிக்கூண்டு லிஃப்டில் மேலே வருகிற ஒவ்வொருவனையும் கை தூக்கச் சொல்லி, தடவி, டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்துவிட்டு, 'சரி, போ' என்பார். அந்த இரண்டு வார்த்தை வராமல் எவனும் வீட்டுக்குப் போக முடியாது. ஒருவன் கடைவாயில் கடுகளவு தங்கம் அடக்கியிருந்தால், அவன் நடந்து வருகிற சத்தத்தை வைத்தே அப்பா பிடித்துவிடுவார். வெள்ளைக்காரத் துரையே ஒருநாள் தானாக வந்து பாக்கெட்டைத் திருப்பிக் காட்டிவிட்டுப் போனார். இதைச் சொல்லும்போதெல்லாம் நீ சிரிப்பாய். உன் அப்பா அந்தக் கேஜில் வந்தவர். முப்பது வருஷம் என் அப்பா முன்னால் கை தூக்கி நின்றவர்.

அதனால்தானே நீ என் வீட்டை விட்டுக் கிளம்பும்போதெல்லாம் வாசலில் டூல் பையைத் திறந்து வைத்து இரண்டு கையையும் தூக்குவாய். 'தடவிப் பாருடா மச்சான். உங்கப்பன் புள்ளதான நீ.' நான் 'சரி, போ' என்றால்தான் செருப்பை மாட்டுவாய். நாற்பது வருஷ விளையாட்டு. விளையாட்டுதான், ஆனாலும் என் கண் ஒவ்வொரு தடவையும் பையின் அடிவரை போய்த் திரும்பும். ஒருமுறை என் ஸ்பேனர் அதில் கிடந்தது. பிடித்துவிட்டேன் என்று குதித்தேன். அது உன்னிடம் இரவல் வாங்கிய உன் ஸ்பேனர் என்பது இரண்டு நாள் கழித்துத்தான் ஞாபகம் வந்தது.

பம்பர் ஆசை என்னுடையது. பெங்களூரு சிக்னல் ஒன்றில் எனக்கு முன்னால் நின்ற காரின் பின்பக்கம் புலி உட்கார்ந்த மாதிரி இருந்தது. அதேபோல் ஒன்றைக் கடை கடையாகத் தேடி வாங்கி, காரின் தலையில் கட்டிக்கொண்டு ஊர் வந்தேன். வழியெல்லாம் ஜனங்கள் நின்று பார்த்தார்கள். வீட்டில் வைத்துப் பார்த்தால் பொருந்தவில்லை. பீமின் இரண்டு முனையும் பம்பரை முட்டின, நடுவிலும் இடித்தது. பம்பர் மூன்று விரல் தள்ளி நின்றது. உன்னைக் கூப்பிட்டேன். நீ குனிந்து பார்த்துவிட்டு எழுந்தாய்.

"இது வாணாம் மச்சான். பம்பரு வெறும் முகம். பீமுதான் முதுகெலும்பு. அதுல கை வெக்கக் கூடாது. வேணும்னா பம்பரை உள்பக்கமா அறுத்துக்கலாம்."

"பெங்களூரு பம்பரை அறுக்கறதா? அதுக்கு என் கைய அறுத்துக்கோ."

"உன் கைய வெச்சிக்கினு இன்னாடா பண்றது? உனக்கு ஓடறது வாய் மட்டும்தான."

அரை நாள் பேசி உன்னை ஜெயித்தேன். பேச்சில் என்னை ஜெயித்தவன் இல்லை, உனக்குத் தெரியும். கடைசியில், "வெட்றேன். ஆனா நடுவுல வெட்ன எடத்துக்கு ரெட்டைத் தகடு போடுவேன். என் இஷ்டத்துக்குத்தான் போடுவேன், நீ வாயத் தொறக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு போல்ட்டுகளைக் கழற்றினாய். பீமை வெளியே எடுத்து வைத்துவிட்டு, "ஷெட்டுக்கு எடுத்துக்கினு போறேன். இங்க வெல்டிங் மெஷினு போட்டா உன் வீட்டு ஒயரு தாங்காது" என்றாய்.

அங்கேதான் எனக்குள் அப்பா விழித்துக்கொண்டார். ஏன் என் கண் முன்னால் செய்யக் கூடாது? என் வீட்டு ஒயர் ஏன் தாங்காது? மிக்ஸி தாங்கவில்லையா? கம்பெனி இரும்பு, மைன்ஸ் ஒர்க்‌ஷாப்பில் வெல்டராகக் காலம் தள்ளியவன் கண்ணுக்கு அதன் தரம் தெரியாமலா இருக்கும்? 'சந்தேகம் வந்தா கேக்காத, குறி போடு' என்பார் அப்பா. அப்படியே அவர் ஏழு பேரைப் பிடித்தார். நீ உள்ளே டீ குடித்துக்கொண்டிருந்த நேரத்தில், ஆக்ஸா பிளேடை எடுத்து பீமின் வலது முனையில், உள்பக்கமாக, மூன்று கோடு கீறினேன். கோழிக்கால் மாதிரி. இனி நீ மாற்றினால் மாட்டிக்கொள்வாய்.

மூன்றாம் நாள் நான் ரேஷன் கடைக்குப் போய் வருவதற்குள் நீ பீமை மாட்டி, அதன்மேல் பம்பரையும் மாட்டி முடித்திருந்தாய். ஒரு நூல் இடைவெளி இல்லை. தெருவே திரண்டு வந்து பார்த்தது. ஆறு வீட்டுத் தெருதான், ஆனாலும் திரண்டது திரண்டதுதான். நான் மட்டும் டார்ச்சோடு மல்லாந்து காருக்கு அடியில் நுழைந்தேன். பீமின் வலது முனையே இல்லை. சாய்வாக வெட்டி, மூடி, கறுப்பு அடித்திருந்தாய். என் கோழிக்கால் போன இடம் தெரியவில்லை. வெட்டப்போகிற முனை எது என்று கேட்காமல் குறி போட்டவன் நான்தான். ஆனால் அந்த நேரத்தில் அது எனக்குத் தோன்றவே இல்லை.

"வெட்டின துண்டு எங்கடா?"

"வேலைக்கு ஆயிடுச்சி" என்று சொல்லி ஒரு சிரிப்பு சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. வழக்கம்போல் வாசலில் பையைத் திறந்து வைத்துக் கையைத் தூக்கினாய். நான் 'சரி, போ' என்று சொல்லவில்லை. பம்பரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் தூக்கிய கையோடு நின்றாய். பிறகு நீயே இறக்கிக்கொண்டு போனாய்.

டீக்கடையில் முதல் நாள் நான் சொன்னது, பீமை மாற்றிவிட்டான் என்பது மட்டும்தான். அடுத்த நாள், கோலாருக்குக் கொண்டுபோய் விற்றான் என்று சேர்த்தேன். ஒரு வாரத்தில், விற்ற கடையின் கதவு என்ன நிறம் என்றுகூடச் சொல்லிக்கொண்டிருந்தேன். பச்சை. சொல்லிச் சொல்லி அந்தக் கதவை நான் கண்ணால் கண்டது போலவே ஆகிவிட்டது. உனக்கு வந்துகொண்டிருந்த கேட் வேலை, ஜன்னல் வேலையெல்லாம் குறைந்துபோனதாகக் காதில் விழுந்தது. நல்லா வேணும் என்று நினைத்தேன். இதை இப்போது எழுதும்போது பேனா நகரமாட்டேன் என்கிறது, ஆனாலும் எழுதிவிட்டேன்.

ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் நேருக்கு நேர் வந்தாய்.

"ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியறியாமே. பம்பரைக் கழட்டிப் பாத்தியா?"

"கழட்டினா கிளிப்பு ஒடையும்."

"கிளிப்புதான ஒடையும்." நாலு அடி போய்விட்டுத் திரும்பினாய். "ஒரு நாளைக்கு நீயே கழட்டுவ. அப்ப பாரு."

நான் அதைச் சாபமாகத்தான் எடுத்துக்கொண்டேன். எதையோ உள்ளே வைத்திருக்கிறான், எவனோ மோதப்போகிறான், தகரம் அப்பளமாக நொறுங்கப்போகிறது. அன்றிலிருந்து பின் சீட்டில் யாரையும் உட்கார விடவில்லை. டிக்கியில் பழைய இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டி அடைத்தேன். என் வீட்டுக்காரி, "கார்ல போறமா, வீடு மாத்தறமா?" என்று கேட்டாள்.

மைன்ஸ் தூசி உன் நெஞ்சில் இருந்து வேலை செய்தது எனக்குத் தெரியாது. கோலார் ஆஸ்பத்திரியிலிருந்து உன்னைக் கொண்டுவந்த அன்று, ஸ்கெலட்டன் ஏரியாவில் இருக்கும் உன் வீட்டுக்கு நானும் வந்தேன். மாலை போட்டேன். எல்லாரும் அழுதுகொண்டிருந்தபோது பின்பக்கம் போய் உன் ஷெட்டில் என் பீமைத் தேடினேன். ஆங்கிள் துண்டுகள், ஒரு பழைய கேட், துருப்பிடித்த பக்கெட். பார், விற்றேவிட்டான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டு வெளியே வந்தேன். உன் மனைவி செல்வி, நான் மறைவில் நின்று அழுதுவிட்டு வருகிறேன் என்று நினைத்து எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். குடித்தேன்.

போன வாரம் என் வீட்டுக்காரிக்கு முழங்காலில் மாவுக்கட்டு. காலை மடக்க முடியாது, முன் சீட்டில் ஏற முடியாது. வேறு வழியில்லாமல் பின் சீட்டில் காலை நீட்டி உட்கார வைத்து மெதுவாக வந்துகொண்டிருந்தேன். மார்க்கெட் பக்கம் நின்றபோது தக்காளி ஏற்றிய டெம்போ ஒன்று வந்து பின்னால் மோதியது. அறுபது கிலோமீட்டர் வேகம் என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். உன்னிடம் சொல்வதானால் இருபது, இருபத்தைந்து இருக்கும். டிரைவர், "பிரேக் ஹிடிலில்லா சார்" என்று கன்னடத்தில் சொல்லிக் கையைப் பிசைந்தான். பிரேக் பிடிக்கவில்லையா, அவன் போன் பார்த்தானா, அந்தச் சந்தேகம் தனி. எனக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. உன் தகரம், அவள் கால், எல்லாம் ஒன்றாகக் கண்ணில் வந்தது.

"இன்னா மரம் மாதிரி உக்காந்துக்கினு இருக்கீங்க? கதவத் தொறங்க. உங்க மெத்தை வந்து தலைமேல விழுந்துடுச்சி."

அவள் மேல் பட்டது அந்த மெத்தை மட்டும்தான்.

இன்று காலை மெக்கானிக் உடைந்த பம்பரைப் பிடுங்கிப் போட்டான். பீம் நடுவில் வளைந்திருந்தது, ஆனால் முறியவில்லை. அவன் துணியால் துடைத்துவிட்டு, "பீமை வெட்டினது தப்பு சார்" என்றான். "ஆனா வெட்டின எடத்துல ரெட்டைத் தகடு வெச்சிருக்காரு. இல்லன்னா டிக்கி சீட்டுக்கு வந்திருக்கும். யாரு வெல்டிங் இது? இந்தக் குறி எதுக்கு?"

குனிந்தேன். நடுவில், வெளியே பார்த்தபடி, என் கோழிக்கால். பம்பரைக் கழற்றுகிறவன் கண்ணில் முதலில் படுகிற இடத்தில். வெட்டிய வலது முனையைத் தட்டி நேராக்கி, நீ சொன்ன ரெட்டைத் தகடாக அதையே வைத்திருந்தாய். நான் கீறிய கீறல் பெயிண்டில் மறைந்துவிடும் என்று, மூன்று கோட்டின் மேலும் மெல்லியதாக வெல்டிங் இழுத்திருந்தாய். விரலால் தடவினால் புடைத்து நின்றது. குறியை நீ அன்றைக்கே பார்த்திருக்கிறாய். எதற்குக் கீறினேன் என்றும் தெரிந்திருக்கிறது. அப்படியும் என் வாசலில் வந்து கையைத் தூக்கினாய்.

என் புத்தியைக் கேள். முதலில் எனக்கு வந்தது, இந்த மெக்கானிக் உன் சொந்தக்காரனோ, நேற்று இவனே ஒட்டி வைத்தானோ என்பதுதான். அவன் அந்தப் பக்கம் போனதும் ஆணியால் சுரண்டிப் பார்த்தேன். பெயிண்டுக்கு அடியில் நாலு வருஷத் துரு இருந்தது. துரு பொய் சொல்லாது.

வளைந்த பீம் இனி ஆகாது, புதுசு மாட்ட வேண்டும் என்றான். அந்தத் துண்டை மட்டும் வெட்டிக் கொடு என்றேன். அப்போதுதான் அந்த வாசனை.

துண்டைப் பையில் போட்டுக்கொண்டு நேராக உன் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் செல்வியிடம் சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். அவள் டீ கொடுத்தாள். நான் டெம்போவைப் பற்றிச் சொன்னேன், தக்காளி விலையைப் பற்றிச் சொன்னேன். வேகத்தைக்கூட எண்பதாக்கினேன். சொல்ல வந்தது மட்டும் வரவில்லை. பேச்சில் என்னை ஜெயித்தவன் இல்லை என்று மேலே எழுதியிருக்கிறேனே, அதை அடித்துவிடு.

கிளம்பி வாசலுக்கு வந்தேன். எதற்கென்று தெரியவில்லை, பையைக் கீழே வைத்து அதன் வாயைத் திறந்தேன். இரண்டு கையும் தானாக மேலே போயின.

"இன்னாண்ணா இது, அவரு மாதிரி" என்றாள். சிரிக்க வந்தவள், பைக்குள் இருந்ததைப் பார்த்தாள். எடுத்து அந்த மூன்று கோட்டையும் விரலால் தடவினாள்.

"இது அவரு வெல்டிங் ஆச்சே."

"ஆமாம்மா. குறி என்னுது. அவன் எதையும் மாத்தலம்மா. நான்தான் ஊரெல்லாம் சொன்னேன்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. துண்டை முந்தானையால் துடைத்தாள். என் கை வலித்தது, இறக்கவில்லை. பிறகு துண்டைப் பைக்குள் வைத்து, பையின் வாயை மூடினாள்.

"ஊருக்கும் போய்ச் சொல்லுங்க" என்றாள். "சரி, போங்க."

நாளைக் காலை டீக்கடைக்குப் போகிறேன் மச்சான். பையோடு.