இரண்டு பேணி யூரியா

தை 9
பனி. வெங்காயம் நட்டு இருபத்து மூன்று நாள். காலையில் விவசாயப் போதனாசிரியர் வந்தார். ஒரே கிணறு, ஒரே செம்மண், பரிசோதனைக்கு இரண்டு பாத்தி. அக்காவின் புருஷன், பக்கத்துக் காணி அத்தான், அவருடையதற்கு யூரியா. என்னுடையதற்கு ஒன்றும் இல்லை. அப்படிப் பிரிக்கச் சொன்னதே அத்தான்தான். வெங்காயம் கிண்டி எடுக்கும்போது ஊரைக் கூட்டிக் காட்டுவார்களாம்.

போன பொங்கலுக்கு எல்லாருக்கும் முன்னால், "இவள் எங்கை வெங்காயம் நடுறாள், கோரையெல்லோ வளக்கிறாள்" என்றார். அக்காவும் சிரித்தாள். மறக்கமாட்டேன்.

வாங்க: மண்ணெண்ணெய், தேயிலை, சவர்க்காரம்.

தை 10
அத்தான் தன் பாத்திக்கு யூரியா எறிந்தார். போதனாசிரியர் சொன்ன அளவுக்கு மேல் இரண்டு தகரப் பேணி. ஆள் வெல்லப் பார்க்கிறார்.

வழக்கம்போல அவர் கிணற்றுத் தண்ணீர் மெசினடியில், நான் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாற. அவர் பாத்தி நிரம்பியதும் கரையை வெட்டிவிட்டேன். யூரியா கரைந்த தண்ணீர் என் பாத்திக்குள். பிறகு மண் அணைத்து மூடினேன். நல்ல பசி. இரண்டு தட்டுப் புட்டு.

தை 29
என் வெங்காயத் தாள் கரும்பச்சை, முழங்கால் உயரம். அவருடையது வெளிறல். அக்கா வந்து பார்த்தாள்.

"என்னடி போட்டனி?"

"தண்ணிதான்."

பொய்யில்லையே. கிண்டும் அன்றைக்கு அக்கா, அத்தான் இரண்டு பேர் முகத்தையும் பார்க்க வேண்டும். இடுப்பு வலி. பரவாயில்லை.

மாசி 26
வெயில். இணுவில், உடுவில் தோட்டக்காரர் இருபது பேர் வரை. போதனாசிரியர் முதலில் என் பாத்தியில் பிடுங்கினார். தாளின் கழுத்து பெருவிரல் தடிப்பு. கீழே வெங்காயம் பிள்ளைகள் உருட்டும் போளை அளவுகூட இல்லை. அத்தானுடையது கொத்துக் கொத்தாக, இறுக்கமாக, நல்ல சிவப்பு.

யூரியா கூடினால் தாள்தான் வளரும் என்று எல்லாருக்கும் விளக்கினார். பிறகு என்னிடம், "அக்கா, கள்ளமாப் போட்டனீங்களோ?"

"ஒரு பிடிகூடப் போடேல்லை."

ஒருத்தரும் நம்பவில்லை. எல்லாரும் சிரித்தார்கள். அத்தான் மட்டும் சிரிக்கவில்லை.

மாசி 27
அத்தான் வேலியடிக்கு வந்தார். கையில் ஒரு பிடி வெங்காயம், விதைக்கு. யூரியா எறிந்த அன்று பின்னேரமே, நான் வெட்டி மூடின கரையில் புது மண்ணைப் பார்த்தாராம். சொன்னால் தன் இரண்டு பேணியும் வெளியே வரும் என்று பேசாமல் இருந்தாராம்.

"கூடப் போட்டது உன்ரை பக்கம் வந்ததாலைதான் என்ரை தப்பினது. வாற போகமும் நீயே தண்ணி மாறு."

அப்போதும் சிரிக்கவில்லை. என்னுடையது அழுகிப்போகும், விதைக்கு நிற்காது. வாங்கிக்கொண்டேன்.