கட்டம் திரும்பும்போது வரும் சத்தம்

ஆகஸ்டு 17, ஞாயிறு. லாபிஸ்.

நானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

பக்கத்து வீட்டு சரோஜாவின் கரோக்கே ஸ்பீக்கரில் டொக் டொக் என்று சத்தம் வருகிறதாம். நான் சிக்னல் அனுப்பும் ஹாம் ரேடியோதான் காரணமாம். “என் சிக்னல்தான் என்று காட்டுங்கள், நாளைக் காலையே மரத்திலிருந்து ஏரியல் கம்பியை இறக்கிவிடுகிறேன்” என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

மகன் குமார் அவள் வீட்டில் போனோடு நின்றான். நான் இங்கிருந்து சிக்னல் அனுப்பினேன்.

“வருதுப்பா. இப்ப ஒன்னு. இந்தா, இன்னொன்னு.”

பின்னாலிருந்து சரோஜா கத்தினாள். “அண்ணே, என் பாட்டுக்கு நீங்கதான் தாளமா? கொஞ்சம் மெதுவா போடுங்க லா!”

ரேடியோ அலையின் கட்டம், அதாவது ஃபேஸ், தலைகீழாகத் திரும்பும் ஒவ்வொரு முறையும் ஒரு டொக். காரணம் உடனே புரிந்தது. பவரை மெல்லக் குறைத்து, கட்டத்தைத் திருப்பி, பிறகு மெல்ல ஏற்ற வேண்டும். என் சர்க்கிட் முழுப் பவரிலேயே சட்டென்று திருப்புகிறது. மாற்றிக் கட்ட ஒரு வாரம் போதும்.

அந்த ஒரு வாரத்தை எந்த முகத்தோடு கேட்பது? கேட்டால் சொல் தவறியவன் ஆவேன். கம்பி இறங்கினால் மறுபடி மரமேற எனக்கு வயதில்லை, குமாரும் ஏற மாட்டான். “இத்தோட விடுங்கப்பா, எங்ககூட ஜேபி டவுனுக்கே வந்துடுங்க” என்று சாப்பிடும்போதே ஆரம்பித்துவிட்டான். நான் இந்த வீட்டைவிட்டு நகராததற்கு அந்தக் கம்பிதான் காரணம் என்று அவனுக்குத் தெரியும்.

இறக்குவேன். சொன்னது சொன்னதுதான். ஆனால் மர உச்சியிலுள்ள கப்பியில் கயிறு அப்படியே இருக்கும், சர்க்கிட்டை மாற்றிக் கட்டியதும் கீழே நின்றே கம்பியை மறுபடி மேலே இழுத்துவிடலாம். கயிற்றைப் பற்றி நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.