கெட்டித் தண்ணீர்

மார்ச் 4
மாமனாரை வீட்டுக்கு அழைத்து வந்தாயிற்று. பக்கவாதத்தில் வலது கையோடு விழுங்கும் திறனும் பாதி போய்விட்டது. மருத்துவமனையில் விழுங்கப் பயிற்சி தரும் பெண் அரை மணி நேரம் விளக்கினாளாம். அவ்வளவையும் கேட்டுவிட்டு வந்த என் கணவர் சொன்னது ஒரே வரி: "தண்ணியா எதையும் குடுக்காதே, கெட்டியா குடு." மிச்சம் இருபத்தொன்பது நிமிடம் எங்கே போயிற்று? "அவ்ளோதாம்மா, வேற ஒண்ணுமில்ல."

மார்ச் 5
மாமா இடது கையால் சைகை காட்டித் தண்ணீர் கேட்கிறார். கெட்டித் தண்ணீருக்கு எங்கே போவேன்?

மார்ச் 7
ஜெல்லி செய்ய ஜெலட்டின் பொடி வாங்கினேன். சூடான பழச்சாற்றில் அப்படியே கொட்டினேன், கட்டி கட்டியாக நின்றது. அடுத்து காய்ச்சாத அன்னாசிச் சாறு. நாள் முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்தும் இறுகவில்லை. பாக்கெட்டின் பின்னால் பொடி எழுத்தில் எல்லாம் இருக்கிறது: முதலில் குளிர்ந்த நீரில் ஊறவை, இளஞ்சூட்டில் கரை, கொதிக்கவிடாதே, காய்ச்சாத அன்னாசிச் சாறு கூடாது. வேதியியல் பட்டதாரியான எனக்கு இதைப் படிக்க இரண்டு பாக்கெட் வீண்.

மார்ச் 8
ஆரஞ்சுச் சாறு இறுகிவிட்டது! மாமா ஒரு கிண்ணம் சாப்பிட்டார். நடுவில் லேசாக இருமினார். "கெட்டிக்காரிதான் நீ" என்றார் இவர். பெருமையாகத்தான் இருந்தது.

மார்ச் 11
காய்ச்சல், மூச்சிரைப்பு. மறுபடி மருத்துவமனை. நுரையீரலில் சளி கட்டியிருக்கிறது.

பயிற்சிப் பெண், "என்ன குடுத்தீங்க?" என்றாள்.

"ஜெல்லி."

"ஐயோ அக்கா, அது கூடாதுன்னு தாள்ல முதல் வரியே போட்டிருந்தேனே! கிண்ணத்துலதான் அது கெட்டி. வாயில வச்சா தண்ணி. இவர் விழுங்குறதுக்குள்ள உருகி மூச்சுக்குழாய்ல எறங்கிடும்."

எந்தத் தாள்?

நாத்தனார் போனில் பொரிந்து தள்ளினாள்: "கெமிஸ்ட்ரி படிச்சவ பண்ற வேலையா இது? எங்கப்பாவ வச்சுத்தான் சோதனை பண்ணணுமா?" பக்கத்தில் நின்ற இவர் வாயைத் திறக்கவில்லை.

மார்ச் 12
தாள் கிடைத்தது. காரின் பின்சீட்டில், தண்ணீரைக் கெட்டியாக்கும் மாவு டப்பாவோடு. டப்பாவின் மூடிகூடத் திறக்கப்படவில்லை.

"மறந்துட்டேம்மா. அதுக்கு இப்படிக் கத்தணுமா?"

கத்தணும். தெரு முழுக்கக் கேக்கணும். "உங்க அக்காகிட்ட நீங்களே சொல்லுங்க" என்றேன். "இப்ப எதுக்கு அதெல்லாம்?" என்கிறார். எனக்குக் கிடைத்த திட்டு என் தலையிலேயே இருக்கட்டும், அப்படித்தானே?

ஆனால் — ஜெலட்டின் முப்பத்தைந்து டிகிரிக்குள் உருகிவிடும் என்று எனக்குத் தெரியும். மனித உடம்பு முப்பத்தேழு என்றும் தெரியும். இரண்டையும் சேர்த்து ஏன் யோசிக்கவில்லை? இந்தக் கோபத்தை யார் மேல் காட்ட?

மார்ச் 14
மூக்கில் குழாய். இனி வாயால் சாப்பிடுவாரா என்று கேட்டேன். "பாக்கலாம்" என்கிறார் டாக்டர்.

மார்ச் 27
குழாயை எடுத்துவிட்டார்கள். இவரையும் பயிற்சிக்கு இழுத்துப் போனேன். அந்தப் பெண் முன்னால் மூன்று முறை மாவைக் கலக்க வைத்தேன். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

ஏப்ரல் 3
விடுப்பு முடிந்து இன்றுமுதல் எனக்கு மறுபடி அலுவலகம். மதியம் நாத்தனார் அழைத்தாள். "தாள கார்ல விட்டது அவன்தானாமே. இப்பதான் சொன்னான்." "சாப்டியா?" என்று கேட்டு வைத்துவிட்டாள்.

மாலை வீட்டுக்கு வந்தபோது இவர் மாவு கலந்த காபியை ஊட்டிக்கொண்டிருந்தார். மாமா விழுங்கினார். இருமல் வரவில்லை.

"போஸ்டர் ஒட்டலாம்டா இத வச்சு" என்றார் மாமா குழறலாக. "நீ குடிச்சுப் பாத்தியா?"

இவர் ஒரு வாய் குடித்தார். முகம் கோணிப்போயிற்று. ஸ்பூனை என்னிடம் நீட்டினார்.

நான் கைகால் கழுவப் போய்விட்டேன்.