நடுங்கிய பிள்ளையின் சூடு

நண்பா,

இன்று காலை நம் பழைய தோட்டத்து டிஸ்பென்சரிப் பக்கம் போனேன். வாசலில் ஒரு தாய், காய்ச்சலில் நடுங்கும் பிள்ளையை மெல்லிய சட்டையோடு தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். கம்பளியில் மூட்டையாகக் கட்டிக் கொண்டுவரவில்லை. உன் முகம் அப்படியே கண்முன் வந்தது.

எழுபதுகளின் நடுவில் ஒரு மழை மத்தியானம். தெமோதரைத் தோட்டத்தில், தொழிலாளர் வீடுகள் வரிசையாய் ஒட்டி நிற்கும் நம் லயத்தில், என் இரண்டு வயது மகளுக்குப் பற்கள் கிடுகிடுவென அடித்துக்கொண்டன. நம் ஆட்கள் செய்வதைத்தான் நானும் செய்தேன். மூன்று கம்பளிகளைப் போர்த்தி, கதவைச் சாத்தி, பக்கத்தில் நெருப்புக் கரிச்சட்டி வைத்தேன். தொழிற்சாலையில் தேயிலை காயும் இயந்திரத்தின் சூட்டைக் கை வைத்தே சொல்லிவிடுபவன் என்ற திமிர் வேறு எனக்கு.

டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கும் வேலையில் இருந்த நீ நனைந்தபடி வந்தாய். கதவைத் திறந்தாய், கரிச்சட்டியை வெளியே தூக்கி வைத்தாய். கம்பளியைத் தொட்டதும் உன்னைப் பிடித்துத் தள்ளினேன்.

"கை காலெல்லாம் சில்லுனு இருக்கு. கம்பளிய எடுத்தா புள்ள செத்துரும்டா."

நீ கோபப்படவில்லை. தெர்மாமீட்டரை அவள் அக்குளில் வைத்து எடுத்துக் காட்டினாய். நூற்று நாலைத் தாண்டியிருந்தது.

"மூளைக்குள்ள வேலை ஏவுற ஒரு கங்காணி இருக்கான் மச்சான். கிருமி வந்ததும் ஒரு ரசாயனம் அவன்கிட்ட தூது போயி சூட்ட ஏத்தச் சொல்லுது. அவன் சொல்லித்தான் ஒடம்பு நடுங்குது, தோலு சில்லுனு ஆகுது. உள்ள அடுப்பு எரியுது, நீ மேல மூடுற. இந்த மருந்து அந்தத் தூத நிறுத்திரும்."

"ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"என்னைய இங்கயே வெட்டிப் போடு."

மருந்தைப் புகட்டினாய். கம்பளிகள் மூன்றும் போய் ஒரு சேலைத் துணி மட்டும் மிஞ்சியது. என் மனைவி சாமி படத்தைப் பார்த்தாள், நான் உன்னையே முறைத்துக்கொண்டிருந்தேன். அரை மணி நேரம் போனதும் நடுக்கம் நின்றது. மேலும் கொஞ்ச நேரத்தில் அவள் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக அரும்பியது. சேலையையும் காலால் உதைத்துத் தள்ளிவிட்டுச் சோறு கேட்டு அழுதாள். நீயும் நானும் கட்டிப்பிடித்துக் குதித்ததில் லயமே வாசலுக்கு வந்துவிட்டது.

அதன்பின் வீடு வீடாகப் போய்க் கதவுகளைத் திறக்க வைத்தாய். கூட வந்து, "நான்தான் அந்த மடையன்" என்று சாட்சி சொன்னது நான்.

என் மகளின் கல்யாணத்தன்று உன் காலில்தான் முதலில் விழச் சொன்னேன். நீ கூச்சத்தோடு நெற்றியைத் தொட்டு, "எந்திரி தாயி, சூடு சரியாத்தான் இருக்கு" என்றாய்.

வாழ்க்கையில் எத்தனையோ வாக்குவாதங்களில் நான் ஜெயித்திருக்கிறேன். உன்னிடம் அன்று தோற்றேனே, அந்தச் சந்தோஷத்துக்கு ஈடாக ஒன்றும் இன்னும் வரவில்லையடா.