அவன் காதில் என் குரல்

ஜூன் 4

டாக்டர் தம்பிக்கு,

நலமா என்று கேட்கப்போவதில்லை. நீயும் கேட்காதே. உன் போனை எடுப்பதில்லை என்று முடிவு பண்ணிவிட்டதால் எழுதுகிறேன். எழுதினால்தான் நடுவில் புகுந்து "அக்கா, கொஞ்சம் கேளு" என்று ஆரம்பிக்கமாட்டாய்.

சுண்டு காலேஜை விட்டு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஆளில்லாத இடத்தில் யாருக்கோ பதில் சொல்ல ஆரம்பித்தபோது உன்னிடம்தான் ஓடி வந்தேன். தாய்மாமன் ஆயிற்றே என்று. "ஆரம்பத்திலேயே பிடிச்சிட்டோம்க்கா, இந்த ஒரு வருஷம் விடாம பாத்தா பையன் எழுந்துடுவான்" என்றாய். நம்பினேன். வாராவாரம் வந்தான், உன்னிடம் பேசினான், மாத்திரை போட்டான். தூங்கக்கூட ஆரம்பித்தான்.

அப்புறம் என்ன செய்தாய்? என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்து, "அவன் காதுல கேக்கறது உன் குரல்தான்க்கா" என்றாய். பரீட்சை மார்க் சொல்வதுபோலச் சொன்னாய். நாள் பூராவும் டிரைவிங் ஸ்கூல் காரில் உட்கார்ந்து "பிரேக்கை மிதி, பிரேக்கை மிதி" என்று கத்திப் பிழைக்கிறவள் நான். இந்தத் தொண்டையை வைத்துத்தான் அவனுக்குச் சோறு போட்டேன். அது அவனிடம் "நீ எதுக்குடா இருக்கே" என்று கேட்கிறதாம்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "எப்படா நான் உன்னை அப்படிச் சொன்னேன்?" கத்தித்தான் கேட்டேன். அவன் பதிலுக்கு, "மாமாகிட்ட சொன்னது உனக்கு எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேட்டான். அதோடு சரி. மாத்திரை இல்லை, பேச்சு இல்லை, உன் ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டானாம். வேலியே பயிரை மேய்ந்தால் நான் யாரிடம் போய் அழுவது?

இனி என் வாசலை மிதிக்காதே.

அக்கா


ஜூன் 9

அக்காவுக்கு,

உன் திட்டு வந்து சேர்ந்தது. சின்ன வயதிலிருந்து வாங்குவதுதான், புதிதாக ஒன்றுமில்லை.

சுண்டு மாதிரிப் பையன்களுக்கு இங்கே நாங்கள் நடத்துகிற இந்தச் சிகிச்சைத் திட்டம் வேறு தேசத்தில் உண்டானது. அங்கே வருகிற பையன்கள் தனியாக ரூம் எடுத்துத் தங்குகிறவர்கள். அவர்கள் சொல்வதை அவர்களைக் கேட்காமல் வீட்டில் சொல்லக் கூடாது என்று அதில் ஒரு விதி. இங்கே யார் தனியாக வருகிறான்? கூட்டிக்கொண்டு வருவது அம்மா, மாத்திரையை எடுத்துக் கொடுப்பது அம்மா, வெளியே பெஞ்சில் காத்துக் கிடப்பது அம்மா. அவளை வெளியே நிறுத்திவிட்டு எந்த வைத்தியம் நடக்கும்? அதனால் அந்த விதியை எடுத்துவிட்டேன். வீட்டாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று நான்தான் மாற்றினேன். மற்ற வீடுகளில் கேட்டுக்கொள்கிறார்கள், பேச்சைத் தணித்துக்கொள்கிறார்கள். நீதான் போய் அவனைக் கூண்டில் ஏற்றினாய்.

சொன்னது நான். அதைக் கொண்டுபோய் அவன் தலையில் போட்டு உடைத்தது நீ.

மாத்திரை நின்றால் என்ன ஆகும் தெரியுமா? இப்போது நழுவவிட்டால் பிறகு பிடிப்பது பெரும்பாடு. என்மேல் இருக்கிற ஆத்திரத்தில் அவனைக் கெடுக்காதே. அவனைக் கூப்பிட்டு, சமாதானம் சொல்லி, கூட்டிக்கொண்டு வா. நீ காரிலேயே இரு.

தம்பி


ஜூன் 14

டாக்டர் அவர்களுக்கு,

தம்பி என்று கையெழுத்துப் போட வெட்கமாயில்லை?

அவனை ஒரு வார்த்தை கேட்டாயா? "அம்மாகிட்ட சொல்லட்டுமாடா?" என்று ஒரே ஒரு வார்த்தை? இங்கத்து ஜனங்களுக்கு ஏற்றபடி மாற்றினேன் என்கிறாய். துணி தைக்கிறவன்கூட ஆளை நிறுத்தி அளவெடுத்துவிட்டுத்தான் கத்தரியைத் தொடுகிறான். சின்னதில் நான் என்ன செய்தாலும் அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு ஒரு முகம் வைத்துக்கொண்டு நிற்பாயே, அன்றைக்கும் அந்த முகத்தோடுதான் உட்கார்ந்திருந்தாய். அதைப் பார்த்துத்தான் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அவன் ஜன்னலில் பேப்பர் ஒட்டிவிட்டான். வைத்த சாப்பாடு அப்படியே இருக்கிறது. எனக்குப் பயமாயிருக்கிறது, போதுமா? கூப்பிட்டுக்கொண்டு வா என்று சுலபமாக எழுதிவிட்டாய். வெளியே நின்று கூப்பிடுவது நானா, உள்ளே இருந்து கூப்பிடுகிற அதுவா என்று அவனுக்கு எப்படித் தெரியும்? படித்தவன்தானே, சொல்லு.

டிரைவிங் ஸ்கூல்காரி


ஜூன் 27

அக்காவுக்கு,

சுண்டு வந்தான். தனியாக, பஸ் ஏறி. என்னைப் பார்க்க வந்தான் என்று நினைத்துவிடாதே. என்னைத் தாண்டிப்போய், இங்கே பையன்களோடு உட்கார்ந்து பேசுகிற நர்ஸம்மாவின் முன்னால் நின்று, "நான் பேசறது மாமாவுக்கும் தெரியக் கூடாது, அம்மாவுக்கும் தெரியக் கூடாது. சரின்னா உக்காரறேன்" என்றானாம். சரி என்று சொல்லச் சொன்னேன். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் வாயைத் திறப்போம். அதையும் அவனிடம் சொல்லியாயிற்று. மருந்து இன்னொரு டாக்டர் எழுதுகிறார். என்ன பேசினான் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் உனக்குச் சொல்லமாட்டேன்.

மற்ற பையன்களையும் இனி முதலில் கேட்டுவிட்டுத்தான் வீட்டில் சொல்வதாக இருக்கிறோம். நீ ஜெயித்துவிட்டாய் என்று குதிக்காதே.

அவனைத் தோண்டாதே. புண்ணியமாய்ப் போகும், கொஞ்ச நாளைக்கு வாயை மூடிக்கொண்டிரு.

தம்பி


ஜூலை 8

தம்பிக்கு,

நீ சொல்லும்வரை காத்திருக்கவில்லை. உனக்குப் போன கடிதத்தை எழுதி முடித்த அன்றைக்கே வாயை மூடிவிட்டேன். காரில் கத்துகிறேன், வீட்டுப் படி ஏறினால் ஊமை. போன் வந்தால் தெருவில் போய் நின்று பேசுகிறேன். கதவை ஒரு தட்டு தட்டி, சாப்பாட்டை ஸ்டூலில் வைத்துவிட்டு வந்துவிடுகிறேன். பக்கத்து வீட்டுக்காரி "தொண்டை கட்டிடுச்சா?" என்கிறாள். ஆமாம் என்று தலையாட்டுகிறேன். நான் வாயே திறக்காத வீட்டில் என் குரல் கேட்டால், அது நான் இல்லை என்று பிள்ளைக்குத் தெரியுமில்லையா? அதற்குத்தான்.

உன்னை மன்னிக்கவில்லை. அதில் சந்தேகம் வேண்டாம். இதற்குப் பதிலும் போடாதே.

நேற்று அவனாகவே கதவைத் திறந்துகொண்டு வந்தான். "இப்ப கூப்பிட்டியாம்மா?" என்று கேட்டான். இல்லை என்று தலையாட்டினேன். கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் தட்டை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான்.

இதை மாமாவுக்குச் சொல்லலாமா என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். யோசித்தான். "இது மட்டும்" என்றான். அதனால் இது மட்டும்.

அக்கா