ஒன்பதாம் நம்பர் மீட்டர்

ராணிப்பேட்டை,
8-11-1964

அன்புள்ள நந்தகோபால் அண்ணாவுக்கு, தங்கை கமலவேணி எழுதுவது.

உங்கள் மாப்பிள்ளைக்கு வேலை போகவில்லை. நாளைக் காலை ஷிப்டுக்குப் போகிறார். இதை முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். பிலாயில் தபால்காரர் எதிரிலேயே உறையைக் கிழித்துப் படிக்கிறவர் நீங்கள், அங்கேயே ஒரு மூச்சு விட்டுவிட்டு மிச்சத்தை வீட்டுக்குள் போய்ப் படியுங்கள். அண்ணியும் குழந்தைகளும் சுகம் என்று நம்புகிறேன். குடியாத்தத்தில் அம்மாவுக்கும் ஆள் மூலம் சொல்லி அனுப்பிவிட்டேன்.

போன கடிதத்தில், இவர் டூட்டியில் தூங்கிவிட்டார், டாங்க் வழிந்து பக்கத்து வீட்டு கவுஸ் பாஷாவின் கால் வெந்துவிட்டது, சஸ்பெண்டு செய்துவிட்டார்கள், அங்கே ஏதாவது வேலை பாருங்கள் என்று அழுது எழுதியிருந்தேன். நீங்களும் இவருக்குக் காட்டமாக ஒரு கடிதம் போட்டீர்கள். இவர் அதை ஒரு தரம் படித்து மடித்து வைத்தார். அண்ணா, இவர் தூங்கவே இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு ஆசிட் செய்யும் இந்தக் கம்பெனியில் இவர் இருப்பது கண்ட்ரோல் ரூமில். சுவர் முழுக்கப் பதினான்கு வட்ட மீட்டர்கள். ஒன்பதாவது, டாங்கில் ஆசிட் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று காட்டுவது. அவற்றின் முட்களைப் பார்த்து, எந்த வால்வைத் திறப்பது, எந்த பம்பைப் போடுவது என்று ஆபரேட்டர் சொல்ல வேண்டும். ஆவணி மாதத்திலிருந்து அங்கே இவருக்குப் பின்னால் இன்னொரு நாற்காலியும் வந்தது. மேல்விஷாரத்து நயீம் அகமது, பெங்களூரில் பெரிய படிப்பு படிக்கிறவர், தலையில் பாதி முடி கொட்டியாயிற்று. ஆபரேட்டர்கள் மனதுக்குள் எப்படி யோசிக்கிறார்கள் என்று கண்டுபிடித்துப் படமாகப் போடுவதுதான் அவருடைய ஆராய்ச்சியாம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் 'இப்ப இன்னா நெனச்சீங்க, சம்பந்தம் சார்?' என்று கேட்டு, சொன்னதைச் சொன்னபடியே நோட்டில் எழுதுவார்.

ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசாத மனிதர் இவர். அவரிடம் மாட்டிய பிறகு வீட்டிலும் அதே பழக்கம் வந்துவிட்டது. சாப்பிட உட்கார்ந்தால் 'ரசத்துல ஆவி கம்மியா வருது, ஆறிப்போச்சின்னு நெனக்கிறேன்' என்பார். நெனச்சது போதும், சாப்டுங்க என்பேன். அந்த நோட்டுக்காரரை வேலையற்றவர் என்று நான் வாயில் வந்தபடியெல்லாம் பேசியிருக்கிறேன். இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஆபரேட்டர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கம்பெனிப் புத்தகத்தில் இல்லாத வழக்கம். ஷிப்டு முடிந்து போகிறவர், முள் நிற்கும் இடத்துக்கு நேராகக் கண்ணாடி மேல் சிவப்புப் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போவார். இதை நான் பார்த்தாயிற்று, செய்ய வேண்டியதையும் செய்தாயிற்று என்று அதற்கு அர்த்தம். வருகிறவர் எண்ணைப் படிக்க மாட்டார். புள்ளியிலிருந்து முள் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்றுதான் பார்ப்பார்.

ஆயுத பூஜையன்று குடும்பத்தோடு உள்ளே போகலாம். ஆசிட் ஆலையை நிறுத்த முடியாது, அது ஓடிக்கொண்டே இருக்கும், பூஜையும் நடக்கும். அன்று ஈரத்துணியால் கண்ணாடிகளை எல்லாம் துடைத்தார்கள். கண்ட்ரோல் ரூமில் குங்குமம் வைத்தது நான். முதல் ஷிப்டு ராமலிங்கம், பூஜை அமளியில் பென்சில் புள்ளி எதுவும் வைக்காமலே பொரிப் பொட்டலத்தோடு கிளம்பிவிட்டார். பகல் இரண்டு மணிக்கு இவர் உட்கார்ந்தார். மூன்று மணிக்குள் டாங்க் வழிந்தது. கீழே போய்க்கொண்டிருந்த கவுஸ் பாஷாவின் வலது காலில் ஆசிட் பட்டது.

முக்கால் மணி நேரம் முள்ளைப் பார்க்காமல் என்ன செய்தாய் என்று விசாரணையில் கேட்டபோது, 'தூங்கிட்டேன் சார்' என்று சொல்லிவிட்டு வந்தார். அதையே எழுத்தில் கையெழுத்துப் போட்டுத் தர வெள்ளிக்கிழமை வரை தவணை. போட்டால் வேலையும் போகும், குவார்ட்டர்ஸும் போகும். நான் கத்தினேன், மன்றாடினேன், இரண்டு நாள் பேசாமலும் இருந்து பார்த்தேன். அசையவில்லை. தீபாவளிக்கு அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறவில்லை.

மறுநாள் கவுஸ் பாஷாவின் மனைவி ஷஹீன் பானு வாசலில் வந்து நின்றாள். சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவளோ, 'ஆஸ்பத்திரியில எங்க வீட்டுக்காரர் ஒரே பேஜார் பண்றார் அக்கா. சம்பந்தம் டூட்டியில கண்ண மூடற ஆளே இல்லியாம். நோட்டுக்காரர் அன்னிக்கி கூட இருந்தாராமே, அவர போயி கேளுங்கன்னு சொல்றார். கெளம்பு, மேல்விஷாரம் போய்ட்டு வர்லாம்' என்றாள். இரண்டு பேரும் பஸ் ஏறினோம்.

நயீம் அகமது பூஜையன்று இரண்டரை மணிக்கே கிளம்பி, காட்பாடிக்குப் போய் பெங்களூர் ரயில் ஏறியவர். அந்த வாரம்தான் ஊருக்குத் திரும்பியிருந்தார். விபத்து நடந்ததே அவருக்குத் தெரியாது. கேட்டதும் பதறிப்போய் நோட்டை எடுத்துப் பிரித்துப் படித்தார். மணி இரண்டே கால். இவர் சொன்னது: 'மத்ததுல புள்ளி இல்ல, பூஜை அவசரம். ஒன்பதுல மட்டும் முள்ளுக்குப் பக்கத்துல வெச்சிருக்கார். டாங்க் ஜாஸ்தியா இருக்கறத ராமலிங்கம் பாத்துட்டார், பம்பு போடச் சொல்லியிருப்பார்.'

அண்ணா, அந்தப் புள்ளி நான் வைத்தது. மற்ற பதின்மூன்று கண்ணாடிக்கும் நடு உச்சியில் சந்தனம் தடவி, அதன் மேல் அழகாகப் பொட்டு வைத்தேன். ஒன்பதாவது மீட்டர் உயரத்தில் இருந்தது. உச்சி எட்டவில்லை. எட்டிய ஓரத்தில் வெறும் குங்குமத்தை விரல் நுனியால் தொட்டுவிட்டு, சுண்டல் வாங்க ஓடிவிட்டேன்.

இவருக்கு அது அன்றைக்கே தெரிந்துவிட்டிருக்கிறது. டாங்க் வழிந்த பிறகு கண்ணாடிக்குக் கிட்டே போய்ப் பார்த்தவருக்குப் பென்சில் எது, குங்குமம் எது என்று தெரியாதா? விசாரணைத் தாளில் என் பெயர் ஏறக்கூடாது, ஒருவர் கால் வெந்ததற்கு நான்தான் காரணம் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்று, தூங்குமூஞ்சிப் பட்டத்தை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

ஷஹீன் பானு என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். முதலில் அவளிடம்தான் சொன்னேன். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள். பிறகு, 'பஸ்ஸு போய்டும், எழுந்திரு' என்றாள். வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

வெள்ளிக்கிழமை நயீம் அகமதோடு நானும் விசாரணைக்குப் போய்ச் சொன்னேன். என்னைக் கண்டதும் இவர் எழுந்து, 'இவளுக்கு ஒண்ணும் தெரியாது சார், வீட்டுக்கு அனுப்புங்க' என்றார். நயீம் அகமது எல்லோரையும் கண்ட்ரோல் ரூமுக்கு அழைத்துப்போனார். ஒன்பதாம் நம்பரில் மட்டும் முள்ளுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்து, மீட்டர்களைப் போர்வையால் மூடினார். ஆபரேட்டர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, போர்வையை விலக்கிக் காட்டி, மறுபடி மூடி, டாங்க் எப்படி இருக்கிறது என்று கேட்டார். நான்கு பேரும் சரியாக இருக்கிறது என்றார்கள். எண் என்ன என்றால் ஒருவருக்கும் தெரியவில்லை. ஷிப்டு இன்ஜினியருக்கும் தெரியவில்லை.

'இவங்க மீட்டர பாக்கறதில்ல சார், முன்னாடி இருந்த ஆள் இன்னா பாத்தான்னுதான் பாக்கறாங்க. என் ஆராய்ச்சி மொத்தமும் இந்த ஒரு விஷயந்தான். அன்னிக்கி அந்த நாற்காலியில யார் இருந்தாலும் டாங்க் வழிஞ்சிருக்கும்' என்று அவர் சொன்னார். தூங்கினேன் என்று எழுதிய தாளை எங்கள் கண்ணெதிரே கிழித்தார்கள். இனி எந்தக் கண்ணாடியிலும் பொட்டு வைக்கக்கூடாது, எண்ணை வாய்விட்டுச் சொல்லித்தான் ஷிப்டு மாற்ற வேண்டும் என்று போர்டு எழுதி மாட்டியிருக்கிறார்கள்.

அங்கிருந்து நேராக வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நான் கவுஸ் பாஷாவின் காலைப் பார்த்து அழுதேன். அவர், 'தோலுதானம்மா போச்சி, நம்ம ஊர்ல தோலுக்கா பஞ்சம்?' என்று சிரித்தார். அடுத்த வாரம் வீட்டுக்கு விடுகிறார்கள், கோல் ஊன்றாமல் நடக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

நேற்று மூன்று வாரத்துக்குப் பிறகு இவர் வயிறாரச் சாப்பிட்டார். எனக்குத்தான் ஒரு வாய் இறங்கவில்லை அண்ணா. ஏன் அங்கே கை வைத்தாய் என்று இன்று வரை என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானே பேச்சை எடுத்தாலும், 'எட்டல, அதுக்கு நீ இன்னா பண்ணுவ' என்று முடித்துவிடுகிறார். ஷஹீன் பானுவும் திட்டவில்லை. எல்லோரும் இப்படி நல்லவர்களாக இருந்தால் நான் எங்கே போவேன்? இவருக்கு எழுதியதற்காக நீங்கள் வருத்தப்பட வேண்டாம், இவர் மனதில் எதுவும் இல்லை. ஆனால் அந்தக் கடிதம் எனக்கு வந்திருக்க வேண்டியது. அதைவிடக் காட்டமாக ஒன்று எழுதி, என் பெயர் போட்டு அனுப்புங்கள். கூடப் பிறந்தவர் நீங்கள் ஒருவராவது என்னைத் திட்டிவிடுங்கள் அண்ணா.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும் தங்கை,
கமலவேணி