திருவிருந்துக்கு எழாத வெள்ளிக்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு,

ஆண்டவர் தயவில் மஸ்கட்டில் சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

போனில் சொன்னால் பயந்துவிடுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன், பெரிய விஷயமில்லை. தையல் கடையில் நான் இஸ்திரிப் பெட்டியை எடுக்க மறந்ததில் ஒரு சட்டை கருகிவிட்டது. என்னோடு வேலை செய்யும் ஹரிதாதான் கருக்கிவிட்டாள் என்று முதலாளி அவளைத் திட்டினார். அவளும் நம் உடுமலைப் பெண்தான். நான் வாய் திறக்கவில்லை.

இங்கே ஆராதனை வெள்ளிக்கிழமைதானே, அன்றைக்கு அப்பமும் திராட்சரசமும் வாங்கத் திருவிருந்துக்கு எழுந்துபோகக் கால் வரவில்லை. பத்துக் கட்டளைகளையும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். நான் பொய்கூடச் சொல்லவில்லையே! செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டதும் பாவம் என்று வாராவாரம் ஜெபத்தில் சொல்கிறோமே, அது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

சாயங்காலம் கடைக்குப் போனதும் முதலாளியிடம் சொல்லிவிட்டேன். கத்தினார், அவ்வளவுதான். ஹரிதாவிடமும் மன்னிப்புக் கேட்டேன்.

"நீங்கதான்னு அன்னைக்கே தெரியுமுங்க அக்கா. எப்பச் சொல்லுவீங்கன்னு பாத்துட்டே இருந்தனுங்க" என்றாள்.

இங்கே தனியாக உட்கார்ந்தால் சோறு இறங்குவதில்லை. எலுமிச்சை ஊறுகாய் அனுப்புங்கள். நீங்கள் போட்டது வேண்டாம் அம்மா. மூன்று வருஷமாக நீங்கள் பேசாத சித்தி போட்டது வேண்டும். நீங்களே நேரில் போய்க் கேட்டு வாங்கி அனுப்புங்கள்.

கடை திறக்கும் நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்,
அன்புக்கரசி